பழைய எழுத்தைப் போடுவதென்றால் முறையாகப் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் புதிதாகத் திறக்கும் டீக்கடைப் பலகை, இனிப்புக்கடை அட்டைப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை, ஏற்காட்டுக் காப்பிப் பொட்டலம் என எங்கு பார்த்தாலும் இப்போது ‘அந்தக் காலத்து’ எழுத்து. 1950-களின் நோட்டீஸ் போல, சினிமாப் பாட்டுப் புத்தக அட்டை போல இருக்க வேண்டும் என்று கேட்டுச் செய்துகொள்கிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் செய்கிற விதத்தைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. பழுப்புப் பின்னணி, சிதைந்த ஓரம், கோணலாக நிற்கும் எழுத்து, இவ்வளவுதான் பழைமை என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் காலத்து அச்சுக்காரர் எவரும் உடைந்த எழுத்தை விரும்பிப் போட்டதில்லை. புரூஃபில் ஓர் எழுத்து நைந்து தெரிந்தால், அதைப் பிடுங்கி உருக்கப் போகும் பெட்டியில் போட்டுவிட்டு வேறு வைப்பார்கள். அவர்களுடைய அழகு கையிலிருந்த ஈய எழுத்திலும் மர எழுத்திலும், படம் அரித்த உலோகத் தகடான பிளாக்கிலும் பிறந்தது. அதைத் தெரிந்துகொண்டால் கணினியிலும் அதைக் கொண்டுவர முடியும். அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் எழுத்து வடிவம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும் வரை ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நின்றதில்லை. எழுத்தின் கடைசிக் கோடே கீழிறங்கிச் சுழன்று காலாகும். ணை, லை, ளை, னை நான்கிலும் முன்னால் யானைத் துதிக்கை போன்ற வளைவு எழுத்தோடு ஒட்டியிருக்கும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறையும் சேர்த்து மாறியவை 13 எழுத்துகள். ஆனால் ஈய எழுத்துகளை வகைவகையாகப் போட்டு வைக்கும் அச்சுப் பெட்டியின் கணக்கில் அவை 7 துண்டுகள்தான். ணொ என்பது கொம்பு ஒரு துண்டு, சுழித்த ணா ஒரு துண்டு என்று சேர்த்துக் கோக்கப்படுவது. இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் இந்த ஏழும் இல்லை. ஓவியரைக் கொண்டு அதே தடிமனில் ஏழு வடிவங்களை வரைந்து சேர்த்தால் வேலை முடிந்தது. ‘சாலை’யில் துதிக்கை லையும் பக்கத்திலேயே ‘அண்ணாச்சி’யில் தனிக்கால் ணாவும் நிற்கும்போதுதான் பலகை பொய் சொல்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது நம் ஊரோடும் தொடர்புடையது. பெரியார் 1935-இலேயே ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைப் புழங்கத் தொடங்கிவிட்டார். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு 1944 ஆகஸ்டில் நடந்தது இதே சேலத்தில். ஆகவே அந்த இயக்கத்து வெளியீட்டைப் போல ஒன்றைச் செய்கிறவர் புதிய வடிவத்தைப் போட்டால் தவறில்லை. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு அது பொருந்தாது.

ஆங்கில எழுத்திலும் இதே கவனம் வேண்டும். ‘1952 முதல்’ என்று எழுதி, கீழே ஹெல்வெட்டிகாவில் கடைப்பெயர் போடுகிறார்கள். அந்த எழுத்து சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்படச் சாலையிலிருந்து வெளிவந்ததே 1957-இல், அதுவும் வேறு பெயரில். ஹெல்வெட்டிகா என்ற பெயர் 1960-இல் வந்தது. யூனிவர்ஸும் 1957 தான். 1952-க்குப் பொருத்தமாக, கால்முனை (கோட்டு நுனியில் வரும் குட்டிக் கோடு, செரிஃப்) இல்லாத எழுத்து வேண்டுமென்றால் 1927-இன் ஃப்யூச்சுராவும் 1928-இன் கில் சான்ஸும் இருக்கின்றன.

இனி அளவு. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். தமிழ்ப் பெட்டியில் எத்தனை வகைத் துண்டு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இ, ஈ, உ, ஊ வரிசைகள் 72. ஆக 121. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக் கொம்பு நான்கு. மேலே சொன்ன பழைய வடிவம் ஏழு. மொத்தம் 132. கிரந்தம், எண், நிறுத்தக் குறிகள் எல்லாம் இதற்கு மேல். ஆங்கிலத்தில் பெரியதும் சிறியதுமாக 52 எழுத்தோடு முடிகிறது. ஓர் அளவுக்கு இத்தனை வகை, ஒவ்வொரு வகையிலும் பல பிரதி. அடுத்த அளவு வேண்டுமானால் அத்தனையும் மறுபடி வாங்க வேண்டும். ஆகவே சின்ன அச்சகத்தால் வைத்துக்கொள்ள முடிந்தது சில அளவுகளும் ஒன்றிரண்டு முகங்களும்தான். அந்த நோட்டீஸ்களின் அடக்கம் அங்கிருந்து வந்தது. ஒரே அழைப்பிதழில் ஆறு எழுத்துரு போட்டால் அந்த அடக்கம் போய்விடும்.

அளவுகள் 8, 10, 12, 14, 18, 24, 36, 48 பாயிண்ட் என்று படி வைத்தாற்போல் ஏறும். 12 பாயிண்ட் ஓர் எம். 6 எம் ஏறத்தாழ ஓர் அங்குலம். அதற்கு மேல் பெரிய எழுத்தென்றால் மரம். மர எழுத்தை ‘லைன்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு லைன் 12 பாயிண்ட், 10 லைன் எழுத்து 120 பாயிண்ட். 31 பாயிண்ட் என்று ஒன்று கிடையாது. 36-இல் வரி அடங்கவில்லையென்றால் 24-க்கு இறங்க வேண்டும், அல்லது வரியை உடைக்க வேண்டும். கணினியில் மூலையைப் பிடித்து இழுத்து, வரிக்கேற்பக் குறுக்கி நீட்டுகிற பழக்கம் அந்தத் தோற்றத்தைக் கெடுக்கும் முதல் காரணம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். டபுள் கிரௌன் தாள் 20 அங்குலத்துக்கு 30. அதில் கால் பாகம் 10-க்கு 15. அகலம் 60 எம். இரு பக்கமும் 3 எம் விட்டால் வரிக்கு 54 எம். 36 பாயிண்ட் எழுத்தில் துண்டு ஒன்றுக்குச் சராசரி 3 எம் என்று வைத்துக்கொண்டால் 18 துண்டு பிடிக்கும். ‘ஏற்காடு காப்பிக் கொட்டை’ என்பதில் காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணினால் 16 துண்டு. நடுவே இரண்டு இடைவெளி. சரியாக அடங்கும். ‘அசல்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தாலே தலைப்பு இரண்டு வரியாகிவிடும். அப்போது ‘அசல்’ 24-இல் மேலே தனியாகப் போய் உட்காரும், இரண்டு பக்கமும் வெற்றிடம் விழும், அந்த வெற்றிடத்தில் ஒரு பூவோ கோடோ வரும். பழைய நோட்டீஸில் பூக்கள் இருந்த காரணம் இதுதான். வெற்றிடத்தை எப்படியும் ஏதாவது ஓர் ஈயத் துண்டு நிரப்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தில் பூட்டும்போது எழுத்து நகர்ந்துவிடும். மையேறாத குட்டைத் துண்டுக்குப் பதிலாகப் பூவை வைத்தால் கண்ணுக்கும் நன்றாயிருக்கும். பார்டர் துண்டுகளும் 6, 12, 18 பாயிண்ட் என்று அதே படியில்தான் இருந்தன. அதனால் பார்டர் பக்க அளவுக்கு முழுத் துண்டுகளாகவே ஓடி முடியும். மூலையில் பூ பாதியாக வெட்டுப்பட்டு நிற்பது கணினி செய்யும் வேலை.

எழுத்துக்கு எழுத்து இடம் விட்டுப் பரப்புவது ஆங்கிலத் தலைப்பெழுத்துக்கு அழகு. தமிழுக்கு அதை அப்படியே போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து, கால் ‘ர’ போலத் தோன்றும். எழுத்துக் கோக்கும் தேர்ந்த கம்பாசிட்டர் ‘கொ’ என்ற மூன்று துண்டை ஒன்றாகவே வைத்து, அதற்கு வெளியேதான் ஸ்பேஸ் செருகுவார். புள்ளி எழுத்தில் வரியைத் தொடங்கவும் மாட்டார். இன்றைய பலகைகளில் ‘க்’ கில் தொடங்கும் வரியைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

நிறத்துக்கு வருகிறேன். காலால் மிதித்து ஓட்டும் சிறு அச்சு இயந்திரமான ட்ரெடில் மிஷினில் ஒரு ஓட்டத்துக்கு ஒரு நிறம். இரண்டு நிறமென்றால் தாள் இரண்டு முறை உள்ளே போக வேண்டும். முதல் நிறம் காய்ந்து இரண்டாவது ஏறும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும். சேலத்து வெயிலிலும் ஏற்காட்டு மழையிலும் இது எளிதல்ல. மை தடவும் அந்தக் கால ரோலர் வஜ்ஜிரப் பசையும் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சி வார்த்தது. சித்திரை வெயிலில் இளகும், சில சமயம் உருகியே விழும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும். அதனால் கோடைக்குக் கெட்டியாகவும் குளிருக்கு இளக்கமாகவும் கலவையை மாற்றி வார்ப்பார்கள். தாளும் ஈரத்தை இழுத்து விரியும், இழை ஓடும் திசையில் குறைவாகவும் அதன் குறுக்கே அதிகமாகவும். மலையில் ஒரு வாரம் கிடந்த தாளில் இரண்டாம் நிறம் ஓட்டினால் ஒரு முனையில் பொருந்தும், மறுமுனையில் விலகும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் அந்தப் பாணி. நிறத்தின் மேல் தடித்த கறுப்புக் கோடு. கீழே இருக்கும் நிறம் கறுப்புக்குள் ஒன்றிரண்டு பாயிண்ட் நுழைந்திருக்கும். அரை பாயிண்ட் விலகினாலும் வெள்ளை தெரியாது. கடைசியில் ஏறும் கறுப்பு எல்லாத் தவற்றையும் மூடிவிடும். இதைக் கணினியில் செய்கிறவர்கள் நிறத்தைக் கறுப்புக்குள் நீட்டட்டும். ‘பிசகு’ காட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு நிறம் முழுவதையும் ஒரே திசையில் ஒரு பாயிண்ட் தள்ளட்டும். ஒரே பிளேட்டில் உள்ளது சேர்ந்துதான் நகரும். பூ வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமுமாக விலகியிருப்பது எந்த மிஷினிலும் நடக்காது.

மூன்றாம் நிறத்தை மிச்சப்படுத்த மஞ்சளை முதலில் ஓட்டி அதன் மேல் நீலத்தை ஏற்றிப் பச்சை காண்பார்கள். மஞ்சள் மேலே போனால், அதுவும் கெட்டி மஞ்சளாக இருந்தால், நீலத்தை மூடிச் சேறாகிவிடும். இன்னொரு வித்தை, போஸ்டரில் சிவப்பு மெல்ல மஞ்சளாக மாறுவது. மைத்தொட்டியின் ஒரு பாதியில் ஒரு மை, மறுபாதியில் இன்னொன்று வைத்தால் நடுவில் கலந்து இறங்கும். உருளையில் தாளைச் சுற்றி அச்சடிக்கும் சிலிண்டர் மிஷினில் இது எளிது. ட்ரெடிலில் மைத்தட்டு சுற்றிக்கொண்டே இருப்பதால் பத்து இருபது தாளில் இரண்டு மையும் ஒன்றாகிவிடும், தட்டின் சுழற்சியை நிறுத்தினால்தான் நிற்கும். ஆகவே சிறு அழைப்பிதழில் அந்த நிறமாற்றத்தைப் போடாதீர்கள். அது சுவரொட்டிக்கு உரியது.

கல்யாணப் பத்திரிகைகளில் இப்போது எழுத்து தாளில் ஆழமாகக் குழிந்திருப்பதைப் ‘பழைய அச்சு’ என்று விற்கிறார்கள். அன்று அது குறை. தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து கைக்குத் தட்டுப்படக் கூடாது என்பதே நல்ல மிஷின்மேனின் கணக்கு. பதிவு அழுத்தமாக விழுந்தால் நுணுக்கமான கோடுகளும் புள்ளியும் சீக்கிரம் மழுங்கும். ஓர் எழுத்து மங்கினால் மொத்த அழுத்தத்தைக் கூட்டாமல், அந்த இடத்துக்கு மட்டும் பின்னால் டிஷ்யூ தாள் ஒட்டிச் சரிசெய்வார்கள். மேக்ரெடி என்பது அதுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம்கூட அதிலேயே போகும். உண்மையான லெட்டர்பிரஸ், அதாவது எழுத்தின் மேட்டில் மை தடவி அழுத்தும் அச்சின் அடையாளம் குழியில் இல்லை, எழுத்தின் ஓரத்தில் இருக்கிறது. மை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மெல்லிய கருவிளிம்பு விழுந்திருக்கும்.

சினிமா எழுத்து தனிக் கதை. ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி 1935-இல் தொடங்கியது. 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை கேவா கலரில் எடுத்ததும் அவர்கள்தான். அந்தக் காலத்துப் படத் தலைப்புகளை எந்த எழுத்துருவிலும் தேடாதீர்கள். ஓவியர் தூரிகையால் வரைந்தவை அவை. வரைவது ஒன்றரை மடங்கு அல்லது இரண்டு மடங்கு பெரிதாக, இந்தியன் இங்க்கில். திருத்தம் வெள்ளை போஸ்டர் கலரில். பிறகு கேமராவில் பாதியாகக் குறுக்கித் துத்தநாகத் தகட்டில் அமிலம் அரித்து லைன் பிளாக். பாதியாகும்போது கை நடுக்கம் மறையும். கூடவே மெல்லிய கோடும் பாதியாகும், அரை பாயிண்டுக்குக் கீழே போனால் அமிலம் தின்றுவிடும். எழுத்தின் உட்சந்து குறுகலாக இருந்தால் மை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தத் தலைப்புகளில் சுழிகள் விரிந்தும் கோடுகள் தடித்தும் இருக்கின்றன. இன்று வரைகிறவர்களும் பெரிதாக வரைந்து, பாதியாக்கிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நிழல் போட்டால் எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம், ஒரே ஆழம். சுழிக்கு உள்ளே விழும் நிழலைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் எழுத்து தட்டையாகிப் போகிறது.

புகைப்படத்துக்குப் புள்ளி போடுகிறவர்கள் கடலை அளவுக்குப் போடுகிறார்கள். படத்தைப் புள்ளிகளாக்கும் ஹாஃப்டோன் செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 65 வரி, வழவழப்பான ஆர்ட் தாளுக்கு 120 முதல் 133. ஆர்ட் தாளில் கையெட்டும் தூரத்தில் புள்ளி அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது, செய்தித்தாளிலும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். 65-ஐ விட மிக நுண்ணிய பிளாக்கை மலிவுத் தாளில் ஓட்டினால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி முகம் கறுக்கும்.

ஜவ்வரிசி மூட்டைக்கும் காப்பி மூட்டைக்கும் அடிக்கும் தகட்டெழுத்தை (ஸ்டென்சில்) பற்றி ஒன்றே ஒன்று. தகட்டில் எழுத்தை வெட்டினால் மூடிய சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பாலம் விட வேண்டும். க, ச, ண, ன எல்லாவற்றுக்கும் இது உண்டு. கணினி எழுத்தின் நடுவே மனம்போன இடத்தில் வெள்ளைக்கோடு கிழித்துத் ‘தகட்டெழுத்து’ என்கிறார்கள். சுழியே இல்லாத ‘ப’வுக்கும் ‘ட’வுக்கும் பாலம் எதற்கு?

அடுத்து, பலகையில் எழுதும் சொற்கள். ‘அந்தக் கால விலைப்பட்டியல்’ என்று போட்டு ₹ குறி வைக்கிறார்கள். அந்தக் குறி 2010-இல் வந்தது. 1957 ஏப்ரல் வரை அணா, அதன் பின் 1964 வரை நயா பைசா. முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘தமிழ்நாடு’ என்று மாநிலப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 1969 ஜனவரியில். தருமபுரி 1965 வரையிலும் நாமக்கல் 1997 வரையிலும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஆகவே ஒரு பழைய லேபிளில் ‘தர்மபுரி, சேலம் ஜில்லா’ என்று இருந்தால் அது பெரும்பாலும் 1965-க்கு முந்தியது என்று சொல்லலாம். இதே தடயங்களை வைத்து வீட்டிலிருக்கும் பழைய தாள்களின் காலத்தையும் கண்டுபிடிக்கலாம்.

அப்படித் தாள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாமினேஷன் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு தாளைக் கிழிக்காமல் எடுப்பது கடினம். தட்டையாக, வெயில் படாமல், அமிலமில்லாத வெள்ளைத் தாளுக்கு நடுவில் வையுங்கள். ஸ்கேன் எடுத்தால் அங்குலத்துக்கு 600 புள்ளியில், வண்ணத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மையின் விளிம்பு தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். கருவிளிம்பு தெரிந்தால் ஈயமோ பிளாக்கோ. கையால் வைத்தாற்போல் ஒழுங்கற்ற புள்ளிகளில் நிறம் சேர்ந்திருந்தால் கல்லச்சு, அதாவது நிறத்துக்கு ஒரு கல் வைத்து ஓவியர் வரைந்த லித்தோ. நான்கு நிறப் புள்ளிகள் சிறு பூப்பூவாக வட்டமிட்டு, ஓரத்தில் கருவிளிம்பும் இல்லாமல் இருந்தால் அது பிற்கால ஆஃப்செட், பெரும்பாலும் மறுபதிப்பு.

மூடிய அச்சகங்களில் மிச்சமிருக்கும் மர எழுத்தையும் பிளாக்குகளையும் கிலோ கணக்கில் போடும் முன் ஒவ்வொன்றையும் ஒரு முறை மை தடவித் தாளில் பதித்து, அருகில் அளவை எழுதி வையுங்கள். மர எழுத்தைத் தண்ணீரில் கழுவக் கூடாது, உப்பி உயரம் மாறிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து நிழலில் ஆறவிட்டால் போதும். ஈய எழுத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வாயால் ஊதாதீர்கள், அது ஈய நஞ்சு. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

ஆசிரியரிடமும் ஒன்று கேட்கிறேன். லேபிளுக்கும் நோட்டீஸுக்கும் பெரும்பாலும் தேதி கிடையாது, செய்தித்தாள் விளம்பரத்துக்கு உண்டு. உங்கள் அலுவலகத்துப் பழைய தொகுப்புகளில் சேலத்துக் கடைகளின் விளம்பரங்கள் இருக்குமானால், வாரம் ஒன்றாக, அச்சான அதே அளவில், தேதியோடு, பக்கத்தில் ஓர் அங்குல அளவுகோலும் வைத்து வெளியிடுங்கள். சுத்தம் செய்கிறோம் என்று மைவிளிம்பை அழித்துவிடாமல், தாளின் பழுப்பையும் அப்படியே விட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
அச்சுத் தொழிலில் உள்ள வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.